வெயிலின் கொள்முதல் விலை

வெயிலின் விலை ஒரு கத்தரிக்காய். உலகில் வேறு யாருக்கும் தெரியாத இந்த விலையை நான் கண்டறிந்த வரலாறு, வருங்காலத் தலைமுறைகளின் நன்மை கருதி இங்கே பதிவு செய்யப்படுகிறது.

எங்கள் வீட்டில் வெயில் வருவது பால்கனிக்கு மட்டும். அங்கே என் மனைவி தையல் மெஷின் போட்டு, ஊராரின் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த 'வளம்' வீணாவதைக் கண்டு மனம் நொந்து, ஒரு மூலையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய 'பசுமைக்குடில்' ஒன்றை நிறுவினேன்.

விதைக்கடைக்காரர் சொன்னார்: "குழிக்கு ரெண்டு கத்தரி விதை போடுங்க சார். முளைச்சதும் நல்லதை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிப் போட்டுடுங்க."

"காசு குடுத்து வாங்கினதையா?"

"அப்பதான் சார் மிச்சம் தேறும்."

நான் வியாபாரக் குடும்பம். எங்கள் வம்சத்தில் சரக்கை அடுத்தவர் தலையில் கட்டியவர்கள் உண்டு. தூக்கி எறிந்தவர்கள் இல்லை. முளைத்த அத்தனைக்கும் தொட்டி வாங்கி 'மறுவாழ்வு' அளித்தேன். மூலை போதவில்லை. பாதிப் பால்கனியும் போதவில்லை. உடனே குடும்ப ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது.

"மெஷினைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கோயேன்."

"உள்ளே இருட்டுங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல் எப்படித் தெரியும்?"

"லைட் போட்டுக்கோ."

"அந்த லைட்டைச் செடிக்குப் போடுறதுதானே?"

"அதுங்க பச்சைப் பிள்ளைங்க மாதிரி. வெயில் இல்லன்னா தாங்காது."

"அப்ப நான்?"

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் அது ஏற்கப்படவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த ஏகம் நான்தான்.

மெஷின் உள்ளறைக்குப் போனது. நாற்றுகளோ ஒன்றன் நிழலில் ஒன்று நெருக்கியடித்து, நூலாக நீண்டு, ஒவ்வொன்றாகச் சாய்ந்து 'அமரத்துவம்' அடைந்தன. தப்பிய ஒரே செடி ஒரே காய் காய்த்தது. அதைத் தட்டில் ஏந்தி உள்ளே போனேன்.

"பாத்தியா!"

"முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. எவ்வளவு நேரமாப் பாக்குறேன், கண்ணுக்கே தட்டுப்பட மாட்டேங்குது."

கோத்துக் கொடுத்தேன். அவள் காயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் வெயிலில் திருப்பிப் பார்த்தாள். ஊசி முனையளவு ஓட்டை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்.

"சொத்தைங்க."

ஒரு நாற்றைக்கூடக் கிள்ள மனம் வராத கருணாமூர்த்தியான நான், கட்டியவளை மட்டும் வேரோடு பிடுங்கி இருட்டில் நட்டிருக்கிறேன்.

மெஷினை நானே தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வட்டியில் சேரும்.

வரவு: கத்தரிக்காய் ஒன்று, சொத்தை. செலவு: அவள் வெயில். பாக்கி: அப்படியே நிற்கிறது.