இடைவேளைக்குப் பின் எதிர்ப்பக்கம்

"டீலர் மார்ஜின் போக நிகர விலை எவ்வளவு சார் வருது?"

ஃப்ரிட்ஜ் வாங்க வந்த கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் சாதாரணமாகத்தான் கேட்டார். கோல்கீப்பருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

பாவம், அவர் என்ன செய்வார்? போன வருஷம்வரை கோல் கம்பங்களுக்கு நடுவே பந்து பிடித்துக்கொண்டிருந்தவர். பேரும் புகழும் கம்பெனிக்கு உதவுமே என்று ஃப்ரிட்ஜ் கம்பெனி சேர்மன் கூப்பிட்டு விற்பனை டைரக்டர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். இன்றைய பேரம் படியாவிட்டால் அந்த நாற்காலி போய்விடும் என்று நேற்றே சொல்லியும்விட்டார். மனைவி கவலைப்பட்டு, எதுவும் புரியாவிட்டால் முன்னால் இருக்கும் பேப்பரைப் படியுங்கள், சொந்தமாகப் பேசித் தொலைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கோல்கீப்பர் வாயைக் கையால் மூடிக்கொண்டு, நிகர விலை என்றால் என்னவென்று பக்கத்தில் இருந்த தன் செகரட்டரியம்மாவிடம் கேட்டார். மைதானத்தில் காமிரா உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று ஆட்டக்காரர்கள் செய்வதுதான். அந்தம்மாவும் மரியாதைக்குத் தன் வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். எதிரே இருந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ மறைக்கிறார்கள்! பத்து சதவீதத் தள்ளுபடி கேட்க வந்தவர் பதினைந்து கேட்டார். மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருந்த சேர்மன் முகம் சிவந்தது.

"கொஞ்சம் இடைவேளை விடலாமா?" என்றார் கோல்கீப்பர். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

முகம் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர் நேரே மேஜையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். இடைவேளை முடிந்தால் பக்கம் மாறுவதுதானே ஆட்டம்? கால்கள் அவரைக் கேட்காமலே போய்விட்டன. பின்னால் வந்த கொள்முதல் மேனேஜர் சங்கோஜி. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரை எழுப்ப மனம் வராமல் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோல்கீப்பருக்குத் தப்பு உறைத்தபோது எழுந்திருக்க வெட்கமாகிவிட்டது. மனைவி சொன்னபடி முன்னால் இருந்த பேப்பரைப் படித்தார்.

"உங்க ஃப்ரிட்ஜ் கதவு ஆறு மாசத்துல தொங்கிடுது. சத்தம் வேற. இந்த விலைக்கு எவன் வாங்குவான்?"

அது வாங்க வந்தவரின் பேப்பர். சொந்தக் கம்பெனியைத் தானே கிழிக்கிறோம் என்று பாதியில் புரிந்தது. பயத்தில் குரல் இன்னும் ஓங்கியதே தவிர நிற்கவில்லை.

கொள்முதல் மேனேஜருக்குத் தலை சுற்றியது. தான் பேச வேண்டியதையெல்லாம் இவர் பேசிவிட்டால் தான் என்ன பேசுவது? குனிந்து தன் முன்னால் இருந்ததைப் படித்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். கதவுக்கு அஞ்சு வருஷ கேரண்டி தர்றோம்."

பிறகு மனிதருக்குச் சூடு பிடித்துவிட்டது. தன் வீட்டிலேயே இந்த ஃப்ரிட்ஜ்தான் என்றார். ஒரு பைசா குறையாது என்று மேஜையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் முழு விலைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று கோல்கீப்பருக்கு விளங்கவில்லை. சேர்மன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொள்முதல் மேனேஜரின் தோளில் கைபோட்டுத் தன் அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே யாரிடமோ போனில் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. நாற்காலி இருக்கிறதா, போய்விட்டதா? கோல்கீப்பர் வாசலுக்கு வந்து தன் காரில் ஏறப் போனார்.

டிரைவர் கதவைத் திறக்கவில்லை.

"நீங்க அந்தக் கம்பெனிக் கார்ல ஏறணுமாம் சார். அவங்க மேனேஜரை நம்ம சேர்மன் எடுத்துக்கிட்டாரு, பதிலுக்கு உங்களை அவங்களுக்குக் குடுத்துட்டாரு."