டப்பாவில் ரெண்டு மாத்திரை

நாற்பது டப்பாக்கள். நாற்பதிலும் இரண்டிரண்டு மாத்திரைகள் மிச்சம். முத்தமிழ்செல்வன் மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறந்துபோய் வைப்பதென்றால் ஒருவர் ஒன்று வைப்பார், இன்னொருவர் ஐந்து வைப்பார். தெருவே கூடிப் பேசி இரண்டு வைக்குமா?

குடல் பூச்சிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் ஒரு மாத்திரை, கொரோனா வராமல் தடுக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. தா.பழூர் சென்டருக்கு இவன்தான் களப்பணியாளர். காய்ச்சல் கண்ட தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, நன்றாக இருப்பவர்களுக்குப் பதினான்கு மாத்திரை போட்ட டப்பாவை, தினம் ஒன்று, வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பான். இரண்டு வாரம் கழித்து டப்பாவைத் திரும்ப வாங்கி, மிச்சத்தை எண்ணிச் சென்னைக்குச் சொல்வான். எண்ணிக்கை உதைத்தால் சென்டரை மூடிவிடுவார்கள். மூன்று வருஷம் சும்மா இருந்து கிடைத்த வேலையும் அதோடு போகும்.

முத்தமிழ்செல்வனிடம் எல்லாத் திறமையும் உண்டு, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர.

மறுநாள், டப்பா வாங்கியவர்களில் ஒருத்தியான பொன்னுத்தாய் வீட்டு வாசலில் தெருவைக் கூட்டினான்.

"ஏன் ஆளுக்கு ரெண்டு மிச்சம் வச்சீங்க?"

"அது வந்து தம்பி..." என்று பொன்னுத்தாய் ஆரம்பித்தாள்.

"சொல்லவே வேணாங்க. எனக்குத் தெரியாதா? வாங்குன பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாது, அதானே? எங்க அம்மாவும் பக்கத்து வூட்டுக் கிண்ணத்துல ஒரு கை சக்கரையாவது போட்டுத்தான் அனுப்பும்."

தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அதில்ல தம்பி..." என்றார் பக்கத்து வீட்டு முருகையன்.

"வழக்கம் நல்ல வழக்கந்தான் அண்ணே. ஆனா பதினாலையும் நீங்கதான் முழுங்கணும். ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"அப்ப வேற எதாச்சும் வைக்கலாமா?"

"தாராளமா வைங்க!" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த முறை மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. டப்பா நிறைய முந்திரிப் பருப்பு இருந்தது. வறுத்தது, உடைத்தது, முழுசு என்று நாற்பது டப்பாவிலும் முந்திரி. அவன் அத்தனையையும் அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினான். பூட்டெல்லாம் மனுஷனுக்குத்தான். எலி வந்து முந்திரியைத் தின்றதோடு நிற்காமல் டப்பாக்களில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டையும் கடித்துவைத்தது. எது யார் டப்பா என்று சொல்ல ஆளில்லை.

விஷயம் சென்னைக்குப் போனது. அடுத்த முறை டப்பா வாங்கும் நாளில், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பிரவீணா நேரில் வருவதாகப் போன் வந்தது.

முத்தமிழ்செல்வன் தெருவுக்கு ஓடினான். "திங்கிற சாமான் எதுவும் கூடாது! நான் குடுத்த மாத்திரையும் மிச்சம் இருக்கக் கூடாது! டாக்டரம்மா வராங்க."

"நீங்க குடுத்த மாத்திரை கூடாது. அப்ப வேற..." என்று இழுத்தார் முருகையன்.

"புரிஞ்சுதுல்ல? அவ்வளவுதான்!"

டாக்டர் வந்த அன்று பொன்னுத்தாய் வீட்டு வாசலிலேயே டப்பாக்களை வாங்கினான். "பாருங்க மேடம், காலி டப்பா" என்று கம்பீரமாக முதல் டப்பாவைத் தட்டில் கவிழ்த்தான். இரண்டு மாத்திரைகள் விழுந்தன. அடுத்ததிலும் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு.

டாக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது நம்ம மாத்திரையே இல்லையே? மெடிக்கல் ஷாப்ல விக்கிற பாராசிட்டமால்."

"அது இந்தப் பக்கத்து வழக்கம் மேடம். வாங்குன பாத்திரத்த வெறுமனே..."

"நானும் இந்தப் பக்கந்தான் தம்பி, கும்பகோணம். எங்க வூட்டுக் கிண்ணத்துல இதுவரைக்கும் யாரும் பாராசிட்டமால் போட்டுத் தந்ததில்ல."

டாக்டர் மாத்திரையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"மூணு தடவை, மூணு விதமான குழப்பம். காரணம் தெரிஞ்சா சரி பண்ணிக்கலாம். தெரியலேன்னா இந்த சென்டர இன்னையோட மூட வேண்டியதுதான்."

வேலை போய்விட்டது என்றே முத்தமிழ்செல்வன் நினைத்தான். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

டாக்டர் பொன்னுத்தாயிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. எதுக்கு இதெல்லாம் வச்சீங்க?"

பொன்னுத்தாய் அவனை ஒருமுறை பார்த்தாள். இந்தத் தடவை அவன் குறுக்கே பேசமாட்டான் என்று உறுதியானதும் சொன்னாள்:

"நாங்க மாத்திரைய முழுங்கிட்டு பத்திரமா இருக்கோம், இருமுற வூடா பாத்து ஏறி எறங்குற இந்தத் தம்பிக்கு ஒரு டப்பா குடுக்க ஆளில்லையேன்னுதாம்மா ஆளுக்கு ரெண்டு அவருக்கு எடுத்து வச்சோம், வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு அவரே சொன்னாருல்ல, அதுக்குத்தான் முந்திரி!"