ஆல்பம் கேட்டீங்களா?

லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது லோகநாயகி மேடம் திரும்பிப் பார்த்து, "உஸ்மான், ஆல்பம் கேட்டீங்களா?" என்றார்.

உஸ்மானின் இரண்டு காதிலும் இயர்போன் இருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது கிரிக்கெட் வர்ணனை. ஆபீஸ் நேரத்தில் கிரிக்கெட் கேட்கிறேன் என்று மேலதிகாரியிடம் எவன் சொல்வான்? அவசரமாக இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு, "கேட்டுக்கிட்டேதான் மேடம் இருக்கேன்" என்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"சும்மா நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. எது நல்லா இல்லையோ அதைச் சொல்லுங்க. உங்களுக்கு நல்ல ரசனைன்னு கேள்விப்பட்டேன்."

ஆறாவது மாடியில் கதவு திறந்தது. மேடம் போய்விட்டார். உஸ்மானும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்க மறந்து எட்டாவது மாடி வரை போய்த் திரும்பி வந்தார்.

அப்படி ஆடிப்போகக் காரணம் இருந்தது. நாவலூரில் இருக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து பதினோரு பேரைப் புனேவுக்கு மாற்றப் போகிறார்கள். பட்டியல் போடுவது லோகநாயகி மேடம். உஸ்மான் பிறந்தது தாம்பரம், படித்தது தாம்பரம், பெண் எடுத்தது இரண்டு தெரு தள்ளி. வண்டலூரைத் தாண்டினாலே வெளியூருக்கு வந்துவிட்டதாக வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிற ஆள். மகள் சோயா பத்தாவது படிக்கிறாள். மனைவி மெஹர் பானு உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர். எட்டு வருடமாகக் குட் மார்னிங் தவிர வேறெதுவும் பேசியிராத மேடம் இன்று ரசனை என்கிறார், அபிப்பிராயம் கேட்கிறார். இதை விடலாமா?

ஒரே ஒரு சிக்கல். உஸ்மானுக்குச் சங்கீதம் என்றால் பஸ்ஸில் போட்டால் கேட்பது, அவ்வளவுதான். பாடியவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்ததே கிடையாது. தனக்கு ரசனை இருப்பதாக மேடத்திடம் யார் வத்தி வைத்தது என்றும் புரியவில்லை.

பக்கத்து சீட் வில்பிரட்டிடம் போய் விஷயத்தைச் சொன்னார். வில்பிரட் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிதார் வாசிப்பவர். அதனால் உலக சங்கீதம் மொத்தமும் தன் பொறுப்பில் இருப்பதாக ஓர் எண்ணம்.

"மேடம் என்ன கேட்டாங்க? கரெக்டா சொல்லு."

"ஆல்பம் கேட்டீங்களான்னு கேட்டாங்க."

"பாத்தியா, பாட்டு கேட்டீங்களான்னு கேக்கலை. பாட்டு கேக்கிறவன் வேற, ஆல்பம் கேக்கிறவன் வேற. அவங்க பெரிய ஆளுப்பா."

ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் கேட்க வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது என்று வில்பிரட் விளக்கினார். பிறகு ஒரு தாளில் உலகப் புகழ்பெற்ற பழைய ஆல்பங்கள் என்று ஏழெட்டு எழுதிக் கொடுத்தார். அதில் உஸ்மானுக்குப் படிக்க வந்தவை இரண்டு.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தைப் போட்டார். அமெரிக்க ஜாஸ். அறுபது வருஷத்துக்கு முந்தியதாம். மேடவாக்கத்தில் போக்குவரத்து நின்றது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஹாரன் எது, ஆல்பம் எது என்று பிரிக்க முடியவில்லை. லாரி போன பிறகும் சத்தம் நிற்காததால் அது ஆல்பம்தான் என்று தெரிந்துகொண்டார்.

நடுவில் மைத்துனன் ஃபைஸ் போன் செய்தான். உஸ்மான் எடுக்கவில்லை. ஃபைஸ் முடிச்சூர் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போக அடிக்கடி உஸ்மானின் காரைக் கேட்பான். அவன் போன் செய்தால் அது காருக்காகத்தான் இருக்கும். தவிரவும், ஆல்பத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்று வில்பிரட் சொல்லியிருக்கிறாரே.

பஸ் இறங்குவதற்குள் மேடத்துக்கு வாட்ஸாப்பில் எழுதினார்: "மேடம், ஆல்பம் ரொம்ப நீளம். ஒருத்தர் ஊதிக்கிட்டே இருக்கார். எங்கே திரும்பினாலும் அவர்தான். அவரைப் பாதியாகக் குறைத்திருந்தால் நன்றாக இருக்கும்."

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. உலகமே கொண்டாடும் வித்வானைக் குறை சொல்லியாகிவிட்டது. புனே கண்முன்னால் வந்து போனது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நானும் அதான் நினைச்சேன். குறைச்சிடச் சொல்லுங்க."

உஸ்மான் அதை நாலு தடவை படித்தார். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஊதி முடித்தவரை இப்போது யாரிடம் சொல்லி எப்படிக் குறைப்பது? வில்பிரட் பார்த்துவிட்டு, பெரிய ரசிகர்கள் அப்படித்தான் தமாஷ் பண்ணுவார்கள் என்றார். உஸ்மான் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். மேடத்திடமிருந்து கட்டைவிரல் வந்தது.

வியாழக்கிழமை மேடம் மறுபடியும் காரிடாரில் பிடித்துக்கொண்டார். "உஸ்மான், ஆல்பம் கேட்டீங்களா? எந்த அளவுல இருக்கு?"

இரண்டாவதைக் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. அது நார்வேயோ ஸ்வீடனோ, நீளமாக முடி வளர்த்த நாலு பேர் உயிர் போகிற மாதிரி கத்துகிற சமாசாரம். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கேட்டார். சோயா எட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பாவுக்கு ஆபீஸ்ல எதுவும் பிரச்சனையாம்மா?" என்று அம்மாவிடம் போய்க் கேட்டாள். மெஹர் பானு இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, எதுவாக இருந்தாலும் மனம்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

உஸ்மான் மேடத்துக்கு எழுதினார்: "அட்டை முழுக்கக் கறுப்பு. உள்ளே ஒரே புகை. புகையில் யார் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை."

இந்தத் தடவை மேடம் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "புகை இருந்தா பரவால்ல. அது இல்லாம எப்படி? ஆனா அட்டை எதுக்குக் கறுப்பு? நான் மெரூன்னு தானே சொல்லியிருந்தேன்?"

"மெரூனா மேடம்?"

"மெரூன்தான் உஸ்மான். கறுப்பெல்லாம் நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நல்லா இருக்காது மேடம் என்று சொல்லிவிட்டு வைத்தார். மேடம் எப்போது மெரூன் என்று சொன்னார்? தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டதாக உஸ்மானுக்குப் பட்டது. வில்பிரட்டும் அவரும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அந்தத் தாளில் உள்ள ஆல்பங்களில் எதற்கு மெரூன் அட்டை என்று தேடினார்கள். சிவப்பு இருந்தது, ஊதா இருந்தது. கடைசியில் ஒரு கஜல் ஆல்பம் மெரூனுக்குக் கிட்டத்தட்ட வந்தது. வில்பிரட் அது பிரவுன் என்றார். இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். முடிவுக்கு வர முடியவில்லை.

இதற்குள் ஃபைஸிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். உஸ்மான் சலித்துப்போய், "கார் சர்வீஸுக்குப் போயிருக்கு" என்று ஒரு பொய்யைத் தட்டி அனுப்பினார்.

நடுவில் வில்பிரட் போட்டுக் கொடுத்த ஒரு ஜமைக்கா ஆல்பமும் கேட்டார். வெயிலில் நனைந்த மாதிரி சோம்பலான பாட்டுகள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேளம்பாக்கம் வந்ததே தெரியாமல் நாவலூர் ஸ்டாப்பைக் கோட்டைவிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிடித்ததைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொல்வது என்று தெரியாததால் மேடத்திடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்தது இத்தாலி ஆபரா, நாடகம் முழுவதையும் பாட்டாகவே பாடுகிற சமாசாரம். திங்கட்கிழமை மீட்டிங் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மேடம் தனியாகக் கேட்டபோது, உஸ்மான் மனதில் பட்டதைச் சொன்னார்.

"மேடம், அதுல ஒரு அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. கடைசி வரைக்கும் அழுகைதான். எதுக்குன்னு தெரியல, ஆனா எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. அதைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எட்டு வருடத்தில் யாரும் பார்த்திராத காட்சியாக, அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்த அம்மா அழறதை மட்டும் எடுக்க வேணாம் உஸ்மான். அது இருக்கட்டும்."

உஸ்மான் சத்தமில்லாமல் வெளியே வந்தார். ஒரு இத்தாலிப் பெண்ணுக்காக இவ்வளவு உருகுகிற மனுஷியைப் பற்றி இத்தனை நாளும் ஆபீஸில் என்னென்னவோ பேசியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பதினோரு பேர் பட்டியல் அன்று மாலை வருவதாக இருந்தது, வரவில்லை.

கடைசியாகக் கேட்டது இங்கிலாந்து ராக் ஆல்பம். அட்டையில் ஐந்து பேர். மற்ற நாலு பேரையும் மறைத்துக்கொண்டு ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். உள்ளேயும் அப்படித்தான். கிதார் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவர் வந்து கத்துவார். டிரம்ஸ் சூடுபிடிக்கும்போது மறுபடியும் வந்து கத்துவார். உஸ்மானுக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. எரிச்சலோடு எழுதினார்:

"எல்லாவற்றிலும் முன்னாடி வந்து நிற்கிறாரே ஒருவர், அவர்தான் கெடுக்கிறார். அவரை எடுத்துவிட்டால் ஆல்பம் எங்கேயோ போய்விடும்."

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உஸ்மான் உள்ளே போனதும் அவரே எழுந்துவந்து கதவைச் சாத்தினார்.

"எனக்கும் முதல் நாள்லேருந்து அதே எண்ணம்தான். யார்கிட்ட சொல்ல முடியும்? வயசானவர், ஒரு ஓரமா உட்கார வேண்டியதுதானே? எதுக்கு எல்லாத்துலயும் முன்னாடி வந்து நிக்கணும்?"

அந்தப் பாடகருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது என்று உஸ்மான் இணையத்தில் பார்த்திருந்தார். அதனால் தயங்காமல் ஆமோதித்தார்.

"எடுத்திடலாம். உங்க மெசேஜ் எல்லாத்தையும் அப்படியே ஃபார்வர்ட் பண்ணிட்டுதான் இருக்கேன், இதையும் பண்ணிடறேன். ஆனா இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்ற மேடம், மேஜையில் இருந்த பட்டியலை எடுத்து நாலாவதாக இருந்த உஸ்மான் பெயரை நன்றாக அடித்தார். "உங்களை மாதிரி மனசுல பட்டதைச் சொல்ற ஒரு ஆள் இங்கே வேணும். நாளன்னைக்குக் காலையில இதுல கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிடுவேன். நாளைக்குச் சாயந்திரம் மேடவாக்கம் வீட்டுக்கு வந்திடுங்க. ஆல்பம் வருது. நீங்க இல்லாம திறக்க மாட்டேன்."

யாருக்கு ஃபார்வர்ட் செய்கிறார்? இங்கிலாந்துக்கா? கேட்க நினைத்தார், ஆனால் அடிக்கப்பட்ட பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துபோனார். பிழைத்தோம் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மெஹர் பானுவுக்குப் போன் செய்து, புனே இல்லை என்றார். அவர், ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டார்.

மறுநாள் சாயந்திரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வில்பிரட்டிடம் கடன் வாங்கிய ஸ்பீக்கரோடு மேடவாக்கம் அபார்ட்மென்ட்டுக்குப் போனார். நல்ல ஆல்பத்தை நல்ல ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும் என்பது வில்பிரட்டின் கட்டளை.

கதவு திறந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள். பாட்டுக் கேட்க இத்தனை தடபுடலா? மேடத்தின் கணவர் ராஜாராமன் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். மகள் சின்மயி, போன மாதம்தான் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை அனிருத், வாட்டசாட்டமான பையன். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. நடு சோபாவில் எல்லோரையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர், மாப்பிள்ளையின் பெரியப்பா. கேசரி வந்தது. உஸ்மான் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, பிளக் பாயிண்ட் எங்கே என்று தேடினார்.

"எல்லாத்துக்கும் உஸ்மான்தான் காரணம்" என்று மேடம் சம்பந்தி அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் அபிப்பிராயம் கேட்காம ஒரு பக்கம்கூட முடிவு பண்ணலை."

பக்கமா? உஸ்மான் கேசரிக் கிண்ணத்தை ஸ்பீக்கர் மேல் வைத்தார்.

அப்போது காலிங் பெல் அடித்தது. ஒரு பெரிய மெரூன் பெட்டியை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தவன், முடிச்சூர் ரோடு ஃபைஸ். பெட்டியைப் பெரியப்பாவின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, உஸ்மானைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினான்.

"மேடம், மச்சானுக்கு நல்ல ரசனைன்னு உங்ககிட்ட சொன்னதே நான்தான், ஆனா அவர் போனே எடுக்கல, அதான் கேட்டுக்க முடியல. நீங்க அனுப்பினாப்பலயே முன்னாடி நிக்கிற ஆளை முப்பத்தாறு பக்கத்துலயும் எடுத்துட்டேன். மாப்ள இல்லாம பொண்ணு மட்டும் தனியா மாலை மாத்திகினு கீது, அது ஒண்ணுதான் பாக்க ஒரு மாதிரியா கீது."