அரூஸ் கொடுத்த சாம்பிள்

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை. ஆனால் ராஜலிங்கத்துக்கு இருபத்தைந்து வருட மானமே முறிந்ததுபோல் இருந்தது.

கெலிஓயாவில், கம்பளை வீதியோரப் பட்டறையில், அவருக்கு முன்னால் இரண்டு பேஸ் கிட்டார் கழுத்துகள் இருந்தன. வாசிப்பவர்கள் அதை 'நெக்' என்பார்கள். ஒன்று அவர் புதிதாகச் செய்தது. மற்றது சாம்பிளுக்கென்று அரூஸ் கொடுத்துவிட்டுப் போனது. அந்தச் சாம்பிள்தான் இப்போது தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து மனைவி சுபாஜினி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கிளாம்பு விழுந்திருச்சு."

பொய் அங்கே ஆரம்பிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே, பிலிமத்தலாவையில் முஹைதீனின் மரக்கடையில் ஆரம்பித்துவிட்டது. கண்டியில் கல்யாண மண்டபங்களில் பேஸ் வாசிக்கும் அரூஸ், துவாயில் சுற்றிய சாம்பிளைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, இதைச் செய்யக்கூடிய 'பாஸ்' யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றான். தச்சு வேலைக்காரரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கதவும் ஜன்னலும் தவிர வேறு எதுவும் செய்தறியாத ராஜலிங்கம், பலகை வாங்கப் போன இடத்தில் பலகையை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? கொழும்பு பேண்ட்காரங்களுக்கே மூணு செஞ்சு குடுத்திருக்கேன்."

"அச்சொட்டா இதே மாதிரி வேணும் பாஸ். ரெண்டையும் பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியக்கூடாது. வர்ற மாசம் முதல் வெள்ளிக்கு கட்டாயம் வேணும். சாம்பிள் பத்திரம்."

"எங்கிட்ட வந்த சாமான்ல ஒரு கீறல் விழுந்தா என் பேர மாத்திக்கிறேன்."

முஹைதீன் உட்பட நாலு பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையை அவர் நேர்மையாகத்தான் செய்தார். வெள்ளைக்காரன் ஒருவன் நெக் செய்யும் வீடியோவை, பேச்சு புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டு, போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார். நாற்பது வருடம் காய்ந்த மகோகனிக் கட்டில் சட்டத்தில் ரேகை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடுத்தார். நடுவே பள்ளம் வெட்டி, நெக் வளைந்தால் முடுக்கி நிமிர்த்துவதற்கான இரும்புக் கம்பியைப் பதித்தார். மேலே கருங்காலிப் பலகையை ஒட்டி, மயிரிழை பிசகாமல் குறுக்கே கோடு அறுத்து, மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். பின்பக்கத்தை ராவி ராவி உருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்த்தார். எது எதுவென்று கைக்குத் தெரியவில்லை. தான் செய்த ஒன்றைக் கொடுத்தனுப்ப மனம் வராதது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அத்தோடு விட்டிருக்கலாம். சாம்பிள் இலேசாக வளைந்திருப்பது கண்ணில் பட்டது. வளைந்த கதவுச் சட்டத்தைக் கிளாம்பு போட்டு நிமிர்த்திப் பழகிய கை அல்லவா? தம்பிக்கு இதையும் சரிபண்ணிக் கொடுப்போம் என்று பெருந்தன்மையோடு இரண்டு முனையையும் இறுக்கினார். நிமிர்த்துவதற்கென்றே உள்ளே ஒரு கம்பி இருக்கிறது என்பதும், அதே மாதிரிக் கம்பியைப் போன வாரம் புதியதில் தானே பதித்தார் என்பதும், 'டக்' என்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

முறிந்த வாயில் ஏதோ மஞ்சளாகப் படிந்திருந்தது. அதையெல்லாம் ஆராய்கிற நிலையில் அவர் இல்லை. பசையை அள்ளிப் பூசி இறுக்கிவைத்தார். ஈரப் பசையில் தலை வழுக்கிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தது.

பசையை இளக்குவதற்காகக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினார்.

"அதுக்கு என்ன, சளியா?" என்று சுபாஜினி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

தலை அசையவில்லை. அதற்குப் பதில் கருங்காலிப் பலகை கழன்று கையோடு வந்தது. அதைத் திருப்பி ஒட்டி, எதற்கும் உறுதியாக இருக்கட்டும் என்று பின்னாலிருந்து ஒரு திருகாணியை முடுக்கினார். ஆணி முன்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தது.

ராஜலிங்கம் கதிரையில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ளதச் சொல்லிருங்களேன். புதுசு நல்லாத்தானே வந்திருக்கு?"

"கீறல் விழுந்தா பேர மாத்திக்கிறேன்னு சொன்னேன்டி! கடையே கேட்டுக்கிட்டு இருந்திச்சு. சாம்பிள ஒடச்சவன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒரு கதிரக் காலக்கூட எவனும் எங்கிட்ட தரமாட்டான்."

"அப்போ என்ன செய்யப் போறீங்க?"

"புதுச, பழசுன்னு குடுத்துர்றேன். புதுசு செய்ய எனக்கு வரலன்னு சொல்லிர்றேன்."

"கொழும்பு பேண்ட்?"

"வேல தெரியாதவன்னு பேர் எடுக்கலாம். நம்பிக் குடுத்தத ஒடச்சவன்னு எடுக்கக்கூடாது."

சொல்லிவிட்டுப் புதிய நெக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே சாமானைத் தன்னுடையது இல்லை என்று சொல்லப்போகிறார்.

அன்றிலிருந்து வேலை தலைகீழாக நடந்தது. மினுக்கிய மரத்தைச் சாயம் இறங்கிய தேயிலைத் தண்ணீரால் கறுக்கவைத்தார். கட்டைவிரல் படும் இடத்தில் உப்புத்தாளால் பூச்சைத் தேய்த்தெடுத்தார். பழையதின் தலையில் தந்தி முடுக்கும் திருகுகளைக் கழற்றி இதில் பூட்டினார். சாம்பிளின் தலையில் ஒரு சிகரெட் சுட்ட வடு இருந்தது. வீட்டில் சிகரெட் ஏது? சாமிப் படத்துக்கு முன்னாலிருந்த ஊதுபத்தியை எடுத்தார்.

"அடப் பாவி மனுசா! சாமிக்கு வச்சத எடுத்தா பொய்க்குப் பொட்டு வைக்கிறீங்க?"

அவர் ஊதிக் கனலைச் சிவக்கவைத்து, வடுவுக்கான இடத்தைப் பார்த்து அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு அரூஸ் த்ரீவீலரில் வந்து இறங்கினான். கூடவே அவன் மனைவி ரிப்காவும், 'கொழும்பு வேலை'யைப் பார்க்க ஆசைப்பட்டு முஹைதீனும் வந்திருந்தார்கள்.

ராஜலிங்கம் மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்புவித்தார். "தம்பி, மன்னிச்சிருங்க. எவ்வளவோ பாத்தேன், எனக்கு வரல. ஒங்க சாம்பிள் இந்தா இருக்கு. பத்திரமா வச்சிருந்தேன்."

"மூணு செஞ்சதாச் சொன்னீங்களே?" என்றார் முஹைதீன்.

ராஜலிங்கம் தரையில் கிடந்த மரச்சீவலை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். காது மடல் சுட்டது.

"வரலயா? இன்னைக்குன்னு பாத்தா பாஸ்..." என்று தலையில் கை வைத்த அரூஸ், துவாயை விரித்தான். நெக்கைக் குப்புறத் திருப்பி, தலை சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். மறுபடியும் தடவினான். வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பாஸ், இது... இது நான் தந்ததுதானா?"

ராஜலிங்கத்துக்கு முதுகில் வியர்வை ஓடியது. முஹைதீன் பார்க்கிறார், சுபாஜினி பார்க்கிறாள். இனி ஒரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"இல்ல தம்பி. ஒங்கட நான் ஒடச்சிட்டேன். தலை சேர்ற எடத்துலயே டக்குன்னு போயிருச்சு. இது நான் செஞ்ச புதுசு. தேத்தண்ணி பூசி பழசாக்கினேன். கொழும்புல யாருக்கும் நான் எதுவும் செஞ்சதில்ல. நான் செஞ்ச மொத நெக் இதுதான். கையெடுத்துக் கும்பிடுறேன், மன்னிச்சிருங்க."

அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த துண்டுகளையும் கொண்டுவந்து, தலைகுனிந்து முன்னால் வைத்தார்.

அரூஸ் கோபிக்கவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலிருந்த பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான். காதுவரை சிவந்திருந்தது. கூனிக் குறுகி நிற்கும் இரண்டு ஆம்பிளைகளையும் மாறி மாறிப் பார்த்த ரிப்கா, முந்தானையால் வாயைப் பொத்தியும் முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அண்ணன், நீங்க ஒடச்சது ஒடஞ்ச சாமான்தான், என் கூடப்பொறந்த மூத்த நானாட நெக்க இவர் போன மாசமே அதே எடத்துல ஒடச்சு, பசை வச்சு ஒட்டி, நாளைக்கு நானா கட்டார்ல இருந்து வர முந்தி இப்பிடி ஒரு 'பழசு' செஞ்சு மாட்டத்தான் ஒங்கள்ட்ட வந்தார்!"