சமையற்கட்டைக் காப்பாற்றிய கதை

பழைய வீட்டின் சமையற்கட்டைப் புதுப்பித்து, அதன் பழமையும் கெடாமல் பார்த்துக்கொண்ட ஆள் இந்தக் காஞ்சிபுரத்தில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பெயர் கலைவாணன். மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறேன். வணிகர் சங்கத்தில் துணைச் செயலாளர். பிள்ளையார்பாளையத்து வீடு, தாமலில் பயிர் வைத்துக்கொண்டிருந்த என் அப்பா ஒரு நெசவுக் குடும்பத்திடம் வாங்கியது. அவர்கள் தறியோடு அடுத்த தெருவில் பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். நெசவாளர் கட்டிய வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. வெளிச்சமெல்லாம் தெருப் பக்கத்து அறைக்குத்தான். அங்கேதான் தறி நிற்கும். பட்டின் நிறம் தெரிய வேண்டும் அல்லவா? சமையற்கட்டு கடைக்கோடியில், கும்மிருட்டில். குழம்பின் நிறம் தெரியாவிட்டால் யாருக்கு என்ன போச்சு?

தறி இருந்த அறைதான் என் ஆபீஸ். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, அதன் மேல் மேஜையும் சுழல் நாற்காலியும் போட்டிருந்தேன். பக்கத்தில் ஆள் உயர ஜன்னல். தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். நானும் வைப்பேன். வேலை என்று பெரிதாக எதுவும் நடக்காது, ஆனால் நடப்பதுபோல் வெளியிலிருந்து தெரியும். அந்த அறை என் உயிர்.

என் மனைவி ஜெயப்ரியாவின் உயிரோ கடைக்கோடியில் போய்க்கொண்டிருந்தது. அவள் கணக்கு அப்படி.

"ஏங்க, சீரகம்னு நெனச்சி எறும்ப தாளிச்சிட்டேன்."

"நல்லாத்தான இருந்துச்சி."

"ஜன்னல பெருசா ஒடைங்க. கிரானைட் மேடை போடுங்க. சிம்னி வைங்க. எத்தினி வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்."

நான் எழுந்து நின்றேன். முக்கியமான விஷயங்களை நான் உட்கார்ந்து பேசுவதில்லை.

"ஜெயா, அந்தக் கட்டுல தேக்கு உத்திரம் இருக்குது. தரையோட பதிச்ச ஆட்டுக்கல் இருக்குது. செவுத்துல மாடம் இருக்குது. இதெல்லாம் ஒடைச்சிட்டா அப்புறம் அது ஓட்டல் அடுப்படி. ஒரு செங்கல்ல கூட நகர்த்த மாட்டேன். செவுத்துக்குப் பழைய முறைப்படி சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம் போட்டு அரைச்சிப் பூசப் போறேன். நம்ம பழக்கவழக்கத்த நம்மதான் காப்பாத்தணும்."

சங்கக் கூட்டமாக இருந்தால் இந்த இடத்தில் கைதட்டியிருப்பார்கள். ஜெயப்ரியா என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்திலிருந்த ஆள் உயர ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதாங்க. பழக்கவழக்கம்தான் முக்கியம்" என்றாள்.

அனுபவசாலியான கணவன் என்றால் இந்த இடத்தில் உஷாராகியிருப்பான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மேஸ்திரி அந்தோணி வந்தார். கடுக்காய் ஊறியது. வீடே நாட்டு மருந்துக் கடைபோல் மணத்தது. நடுவில் மாநில மாநாட்டுக்காக நான் சென்னைக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால், கண்ணை நம்ப முடியவில்லை. சுவர் வெண்ணெய் மாதிரி வழுவழு. உத்திரத்துக்கு எண்ணெய் போட்டு மினுக்கியிருந்தார்கள். விறகு அடுப்புக்குச் செம்மண் பூச்சு, ஆட்டுக்கல்லைச் சுற்றிக் கோலம். இருட்டு அப்படியே இருந்தது, ஆனால் என்ன ஒரு கம்பீரமான இருட்டு.

"நல்ல நாள் பாத்து பால் காய்ச்சிடலாங்க" என்றாள் ஜெயப்ரியா. "உங்க அக்காவ கூப்பிடலாமா?"

நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

கூரத்தில் இருக்கும் என் அக்கா ரேணுகாம்பாளுக்கும் இவளுக்கும் எங்கள் கல்யாணப் பந்தியில் வடை விஷயமாக ஆரம்பித்த பனிப்போர் இன்னும் ஓயவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில், புது அடுப்பில் நாத்தனார்தான் பால் பொங்க வைக்க வேண்டும். அது அவள் உரிமை. அதற்குச் சீராகப் பட்டுப்புடவையும் உண்டு. இவளே அந்த முறையை நினைத்துச் சொல்கிறாள் என்றால், என் பேச்சு எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

அக்கா சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினாள். சங்கத்து ஆட்களும் வந்தார்கள். அக்கா பால் பாத்திரத்தோடு சமையற்கட்டுக்குள் காலை வைத்தாள். அந்தோணி குறுக்கே வந்து நின்றார்.

"அடுப்பு பத்த வெக்காதீங்கம்மா. பூச்சு ஈரமா இருக்குது. இப்ப சூடு பட்டா செவுரு பாளம் பாளமா வெடிச்சிரும்."

"ஐயையோ, நல்ல நேரம் போயிடுமே" என்று ஜெயப்ரியா கையைப் பிசைந்தாள். "ஏங்க, உங்க ரூம்ல ஒரு ஓரமா காஸ் அடுப்ப வெச்சி, சாஸ்திரத்துக்கு பால மட்டும் காய்ச்சிக்கலாமா? உங்களுக்கு சங்கடம்னா வேணாங்க."

இத்தனை பேர் நடுவில் என்னிடம் அனுமதி கேட்கிறாள். எந்த ஆண்பிள்ளைக்கு இது கிடைக்கும்? "தாராளமா" என்றேன். மேஜையை நானே இழுத்து ஓரம் போட்டேன். அடுப்பைக் கிழக்குப் பார்க்க வைத்ததும் நான்தான். பால் பொங்கி வழிந்தது. அக்கா புடவை வாங்கிக்கொண்டு ஜெயப்ரியாவைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைத் தூக்கப் போனேன்.

"தூக்குங்க" என்றாள் ஜெயப்ரியா. "ஆனா உங்க அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அவங்க பால் பொங்க வெச்ச அடுப்பு."

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னாடா தம்பி, நான் பொங்க வெச்ச அடுப்ப இடம் மாத்தறியா?" போனிலேயே அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லக்கா, அது என் ஆபீஸு..."

"பொறந்த வூட்ல எனக்குன்னு அந்த ஒரு அடுப்புதான் இருக்குது. அதையும் தூக்கிப் போட்டுட்டு நீ ஆபீஸ் நடத்து. நான் செத்தா கூட வராத."

"அக்கா, அக்கா..."

"ஜெயா தங்கம்டா. அவ மொகத்துக்குத்தான் அந்த வூட்டு வாசப்படி மிதிச்சேன்." வைத்துவிட்டாள்.

வடைப் போரில் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் இப்போது கூட்டணி. இருந்தாலும் நான் சங்கத்தில் எத்தனை பேரை மடக்கியவன். கடைசி அம்பை எடுத்தேன்.

"சரி, அடுப்பு இங்கயே இருக்கட்டும். பாத்திரம் எங்க கழுவுவ? இந்த ரூம்ல கொழாயே கெடையாது. தண்ணி வந்தா வெளிய போக வழி கெடையாது. தரைய ஒடைக்க நான் விடமாட்டேன்."

"ஒடைக்க வேணாங்க" என்று தறிக்குழியின் மேலிருந்த பலகையை நகர்த்தினாள்.

உள்ளே தண்ணீர்க் குழாய் ஒன்று, கழிவுநீர்க் குழாய் ஒன்று. அளவெடுத்து, வளைத்து, மூடி போட்டு, அழகாகப் படுத்திருந்தன. சிங்க் மட்டும் வர வேண்டும். அதுவும் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கூடவே அந்தோணியும்.

"இது எப்ப நடந்துச்சி?"

"நீங்க மாநாட்டுல இருந்தப்ப."

"அந்தோணி, அப்ப அந்த ஈரம்?"

அந்தோணி உத்திரத்தைப் பார்த்தார். "ஈரம் மனசுல இருக்கணும் சார்" என்றார்.

இப்போது ஜன்னலோரம் கிரானைட் மேடை. மேலே சிம்னி. ஜெயப்ரியா வெளிச்சத்தில் நின்று சீரகம் தாளிக்கிறாள், ஒரு எறும்பு சிக்குவதில்லை. தெருவில் போகிறவர்கள் அவளுக்கு வணக்கம் வைத்து, என்ன குழம்பு என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பொய் சொல்லக் கூடாது, குழம்பும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. அவள் முகம் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, அதற்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது.

என் மேஜை எங்கே என்கிறீர்களா? சமையற்கட்டில். ஆட்டுக்கல்லுக்கும் விறகு அடுப்புக்கும் நடுவில், டியூப் லைட்டுக்குக் கீழே. ஆனால் சொன்னது சொன்னதுதான். ஒரு செங்கல் நகரவில்லை. வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். சங்கத் தலைவர் கைலாசம் போன வாரம் வந்தார், உத்திரத்தைப் பார்த்து உருகிவிட்டார். நான் மிதந்துகொண்டே முன்பக்கம் குரல் கொடுத்தேன்.

"ஜெயா, ரெண்டு டீ."

"அங்கதான் அடுப்பு இருக்குதுங்களே" என்று பதில் வந்தது. "மண் அடுப்பு சும்மா கெடந்தா வீணா போயிடும். நீங்களே போடுங்க."

தலைவர் எதிரில் என்ன செய்வது? ஊதுகுழலை எடுத்தேன். விறகு டீயைக் குடித்துவிட்டு அவர் கண் கலங்கியதற்குப் புகை பாதிதான் காரணம். நேற்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்: சங்கத்தின் கூட்டங்கள் எல்லாம் இனி என் ஆபீஸில்தான், டீ பொறுப்பு துணைச் செயலாளருக்கு.