மெத்தைக்கடை மாடியில் ஓர் ஆள் அதிகம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீங்கள் அவரை நம்புவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அதையெல்லாம் அவர் மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

நிற்க. எங்கள் சபைக்காக உங்கள் வாடகை நாற்காலிக் கடையிலிருந்து நான் இரவலாக வாங்கி வந்த எண்பது நாற்காலிகளும் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் நாலு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. மரியாதைக் குறைவு இல்லை, போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவீர்கள் என்பதுதான் காரணம். கடிதம் என்றால் சிரித்தாலும் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்கள் தங்கை போன பிறகு, முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றே பழகிய எனக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. அதைப் பார்த்து எங்கள் பாஸ்டர், "அண்ணே, சபையில ஆளுங்களை உட்கார வைக்கிற வேலையை நீங்க எடுத்துக்குங்க, உங்களை விட்டா யாரு இருக்கா" என்றார். அப்போது சபையில் மொத்தமே பத்தொன்பது பேர். மெத்தைக்கடைக்கு மேலே, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த நாற்பதடி ஹால். பத்தொன்பது பேரை உட்கார வைக்க ஒரு கண்டக்டர் எதற்கு என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அறுபது ஆயிற்று, நூறு ஆயிற்று, நூற்றறுபது நாற்காலியும் நிரம்பி, ஜன்னல் கட்டையில் நாலு பேர், தண்ணீர் டிரம் பக்கத்தில் ஆறு பேர், பிரசங்க மேடையின் ஓரத்தில் இரண்டு பாட்டிகள் என்று ஆகிவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் கிடக்கு" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் கண்மூடி ஜெபிக்கிறவர்கள்கூட அரை அடி நகர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் பாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு யாராயிருந்தாலும் இட நெருக்கடி என்றால் பெரிய ஹால் தேடுவார்கள். அவர் நாற்காலி தேடினார். போன வாரம் வந்தவர்களை விடப் பத்து நாற்காலி கூடுதலாகப் போடவேண்டும் என்பது அவர் சட்டம். "வந்தப்புறம் நாற்காலி போட்டா அதுக்குப் பேரு உபசாரம் அண்ணே, வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் விசுவாசம்" என்பார். இடம் எங்கே என்றால், "அது ஆண்டவர் பாடு. நாற்காலி மட்டும்தான் நம்ம பாடு." வேதாகமத்தில் கடன்பட்ட விதவை ஒருத்தி ஊரெல்லாம் காலிப் பாத்திரம் இரவல் வாங்கினாளே, பாத்திரம் இருக்கிற மட்டும் எண்ணெய் வந்துகொண்டே இருந்து, பாத்திரம் தீர்ந்ததும் நின்றுபோனதே, அந்தக் கதையைத்தான் அவர் மூன்று ஞாயிறு பிரசங்கித்தார். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் நான் உங்கள் கடை வாசலில் நின்றேன்.

இனி எழுதுவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மச்சான். அந்த ஹாலில் வரிசைக்குப் பத்து வீதம் பதினாறு வரிசைதான் போடமுடியும். பின்சுவரைத் தாண்டினால் வெறும் காற்று, கீழே குப்பைச் சந்து. வாரம் ஒரு வரிசையாக உங்கள் நாற்காலிகளைப் போட்டேன். பதினேழாவது வரிசை பிடித்தது. பத்தொன்பது பிடித்தது. இருபத்து நாலும் பிடித்தது. முட்டி இடிக்காமல், தாராளமாக. எனக்கே சந்தேகம் வந்து டேப் வைத்து அளந்தேன். நாற்பதடி. கீழே மெத்தைக்கடையையும் அளந்தேன், அதுவும் நாற்பதடி. ஆனால் மேடையிலிருந்து கடைசி வரிசைக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. பாஸ்டரிடம் சொன்னதற்கு, "ஆண்டவர் குடுக்கிறதை டேப் வச்சு அளக்காதீங்கண்ணே, அவருக்குச் சங்கடமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டேப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சரி, இடம்தான் அப்படி, ஆட்களாவது கணக்குக்கு அடங்குவார்களா என்றால் அதுவும் இல்லை. மேலே வர ஒரே படிக்கட்டு, அதன் தலைமாட்டில் நான். என் கண்ணில் படாமல் ஈ ஏறாது. ஞாயிறுதோறும் படியேறி வருகிறவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர், ஒன்று முன்னே பின்னே இருக்கும். உங்கள் நாற்காலிகளில் முதல் மூன்று வரிசை அவர்களில் நின்றுகொண்டிருந்தவர்களுக்குச் சரியாகப் போயிற்று. மீதி ஐந்து வரிசையும் போடப்போட நிரம்பியது. படியேறி வராத ஆட்களால். நான் திரும்பிப் பார்க்கும்போது காலியாக இருக்கும், பாட்டுப்புத்தகம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஞாயிறு கொட்டுகிற மழை. படியேறி வந்த நூற்றுத் தொண்ணூறு பேரும் தெப்பலாக நனைந்து வந்தார்கள். கடைசி ஐந்து வரிசையில் ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு இல்லை. இன்னொரு ஞாயிறு கரண்ட் போய் எல்லாரும் கையில் கிடைத்ததால் விசிறிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவரும் கையை அசைக்கவில்லை.

கீழே மெத்தைக்கடைக்காரர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார் என நினைத்தேன். "சத்தத்தைப் பத்திப் பேச வரலீங்க. முன்பக்கம் சத்தம் கேக்குது, பின்பக்கம் கேக்கவே மாட்டேங்குது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில பூனை உட்கார்ந்தாக்கூட கிறீச்சுங்குமே, அம்பது பேரு உட்கார்ந்தா ஒண்ணுமே கேக்க வேண்டாமா? ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்லை" என்றார். மெத்தை விற்கிறவருக்கே தூக்கமில்லை என்றால் விஷயம் பெரிதுதான். நாற்காலியைப் பற்றி அவர் சொன்னதற்குத் தாங்கள் வருத்தப்பட வேண்டாம். நானும் அதைத்தான் கவனித்திருந்தேன். உங்கள் நாற்காலிகள் கிறீச்சிடவில்லை.

அடுத்த வாரம் துணிந்து கடைசி வரிசைக்குப் போனேன். ஓரமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் டிக்கெட் பரிசோதகர். வேலையில் இருந்தவரை என்னை வறுத்தெடுத்தாரே, அவரேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் குழியில் மண் போட்டவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். ஓடவேண்டும் என்று தோன்றியது, ஆனால் பழக்கதோஷம், கை தானாகச் சல்யூட் அடித்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கணக்கு உதைக்குதே கண்டக்டரே. ஒரு ஆள் நிக்குது" என்றார். "எங்க சார்?" என்றேன். "அதைப் பார்க்கத்தானே உன்னைப் போட்டிருக்கு? சீட்டு காலியா இருக்கிறப்ப ஆளை நிக்க வைக்கக்கூடாது. ரூல் மாறலையே?" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப்புத்தகத்தைத் திறந்துகொண்டார். செத்தும் மெமோ கொடுக்கிறார் மனுஷன்.

எண்ணிப் பார்த்தேன். நாற்காலி இருநூற்று நாற்பது. என்னையும் பாஸ்டரையும் விட்டுவிட்டுத் தலை இருநூற்று நாற்பது. காலி நாற்காலி ஒன்று. அப்படியானால் ஓர் ஆள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஆள் கணக்கில் வருகிறதே தவிர கண்ணில் வரவில்லை. தூண் மறைவில் பார்த்தால் அந்தப் பக்கம் போன மாதிரி இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். ஒன்பது வாரமாக இதே கூத்து.

அந்தக் காலி நாற்காலி எது என்று நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வரிசை, மூன்றாவது ஜன்னல் ஓரம். உங்கள் தங்கை உட்காரும் இடம். அவள் போன நாளிலிருந்து அதில் என் கைக்குட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன், யாரையும் உட்கார விடுவதில்லை. சிரிக்காதீர்கள். கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவர்களிடம் முப்பத்தோரு வருஷம் மல்லுக்கு நின்ற ஆள்தான் நான். உங்கள் தங்கை இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். கல்யாணமான புதிதில் என் பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம் நின்றுகொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? சீட்டில் யாருடைய கைக்குட்டையோ கிடந்ததாம். "அடுத்தவங்க பிடிச்சு வச்ச இடம், எடுத்துப் போட நான் யாரு?" என்றாள். கடைசியில் அது காலையில் இறங்கிப்போன எவனோ மறந்துவிட்டுப் போனது. உங்கள் குடும்பத்துக்கே இந்தக் கூச்ச சுபாவம் உண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பரிசோதகரைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. அவரே வரலாம் என்றால் அவள் வரக்கூடாதா? ஐந்து வரிசையையும் முகம் முகமாகத் தேடினேன். பால்காரர் இருக்கிறார், எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா இருக்கிறார், எனக்கு மூன்றாம் வகுப்பில் காதைத் திருகிய வாத்தியார்கூட இருக்கிறார். அவள் இல்லை. வாராவாரம் இல்லை.

பாஸ்டர் போன ஞாயிறு என் தோளில் கைபோட்டு, "அண்ணே, அந்த ஒரு நாற்காலியையும் விட்டுடுங்க. இடம் பிடிச்சு வைக்கிறது நம்ம வேலை இல்லை, அவர்கிட்ட விட்டுடுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "பிடிச்சு வைக்காத இடம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பாஸ்டர், நான் பஸ்ஸிலேயே வாழ்ந்தவன். ஊரான் வீட்டு ஆளையெல்லாம் கூட்டிக்கிட்டு வர்ற உங்க ஆண்டவருக்கு என் வீட்டு ஆளை மட்டும் கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதார். எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் லாரியை அனுப்பி எண்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் போனால் எண்ணெயும் நிற்கட்டும். நாளை ஞாயிறு கடைசியாக ஒரு தரம் போய், உங்கள் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிவிட்டு, கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இனி அந்தப் படி ஏறமாட்டேன். வீட்டில் உட்காரப் பழகிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் மரியாதையும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். ஆண்டவர் உங்கள் தொழிலைக் காப்பாராக. அவரை நான் நம்புகிறேனா என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஞாயிறு மதியம். நல்லவேளை, நேற்று இதைத் தபாலில் போடவில்லை. லாரியை அனுப்பாதீர்கள். காலையில் பாட்டு தொடங்கியபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்க வேறு துணி இல்லை, அந்தக் கைக்குட்டையை எடுத்தேன். துடைத்து முடித்துப் பழக்கத்தில் ஒருமுறை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. ஒருவரும் நிற்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து பரிசோதகர் எனக்குத் தலையசைத்தார். கிறீச்சென்று ஒரு சத்தமும் இல்லாமல் என் முழங்கைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு. "யாரோ இடம் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு ஒன்பது வாரமா பின்னாடியே நின்னேன், காலு கெஞ்சுது" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இந்தக் கைக்குட்டையைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?" என்றாள். உங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். இன்னும் நாற்காலி வேண்டும் மச்சான், எத்தனை முடியுமோ அத்தனை. உங்கள் அப்பாவும் அம்மாவும் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்களாம், இடம் இருக்கிறதா என்று தெரியாமல் உள்ளே வர அம்மாவுக்குக் கூச்சமாம். அப்பாவுக்கு இடுப்புவலி இன்னும் விடவில்லையாம். கை வைத்த நாற்காலியாகப் பார்த்து ஒன்று அனுப்புங்கள்.