மாடி மாறும் மின்சாரம்

கடைசி ஆளும் கிளம்பிப் போன பிறகு மூன்றாம் மாடி மின்சாரம் தின்றுகொண்டிருந்தது.

எர்மெக் திரையை உற்றுப் பார்த்தான். ஒன்று, இரண்டு, நான்காம் மாடிகளின் கோடுகள் சமர்த்தாகப் படுத்துக்கிடந்தன. மூன்றாம் மாடிக் கோடு மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒரு ஹீட்டர் ஓடும் அளவுக்கு அங்கே ஏதோ ஓடுகிறது.

அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பிஷ்கெக் நகரத்தில் அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது, மின்சாரம் பிந்திக்கொண்டது. செலவைக் குறைக்காவிட்டால் கிளையையே மூடிவிடுவோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். டைரக்டர் சாடிபெக் உடனே கூட்டம் போட்டார். ஆறடி உயரம், இடிக்குரல்.

"ஒவ்வொரு மாடிக்கும் மீட்டர் வச்சாச்சு. ஒரு யூனிட் வீணானாலும், வீணாக்குனவன் வீட்டுக்குப் போயிரணும். யாருன்னு எர்மெக் கண்டுபுடிப்பான். கண்டுபுடிக்கலன்னா எர்மெக் போவான்."

எல்லோரும் எர்மெக்கைப் பார்த்தார்கள். எர்மெக் தன் ஷூவைப் பார்த்தான்.

வேலை போவதுகூடப் பரவாயில்லை. போன மாதம் இதே தெருவில் ஓர் அலுவலகத்தில் கிரிப்டோ காசு உண்டாக்க மின்சாரத்தைக் குடிக்கும் மெஷின்களை ஒளித்துவைத்து ஓட்டிய கம்ப்யூட்டர்காரனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது. இங்கே சர்வர் அறைச் சாவி ஒருவனிடம்தான் இருக்கிறது. அந்த ஒருவன் எர்மெக். மின்சாரம் காணாமல் போனால் முதலில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? மனைவி ஜைனாவுக்கு எட்டாம் மாதம். பயந்தவன் கணக்கு மளமளவென்று போகும். எர்மெக் ஜெயிலில் கம்பி எண்ணுகிற வரைக்கும் போய்விட்டது.

கீழே ஓடினான். வாசலில் காவலாளி ஷேர்கசி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பைக்கே," என்றான், அண்ணே என்று கூப்பிடும் ஊர் வழக்கில். "மேல யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்கென்ன தம்பி தெரியும்? நான் வாசலப் பாக்குறவன்."

"வாங்க, போயிப் பாத்துட்டு வந்துரலாம்."

ஷேர்கசி தேநீரை முடித்தார். சாவிக்கொத்தைத் தேடினார். கையிலேயே இருந்த டார்ச்சையும் தேடினார். பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு இருமல் இருமி, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே ஏறினார்.

"மெதுவா வாங்க பைக்கே, ஓடிரப்போறான்."

"முழங்கால் வலிக்குது தம்பி. வலிச்சா எனக்கு இருமல் வரும்."

மூன்றாம் மாடி இருட்டாக இருந்தது. ஆள் இல்லை. சன்னல் ஓரத்தில் ஒரு கெட்டில் இருந்தது. எர்மெக் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். கொதிக்கக் கொதிக்க இருந்தது.

"பாத்தீங்களா?"

"பழைய கட்டடம்," என்றார் ஷேர்கசி. "இங்க என்னென்னமோ இருக்கும். வா, போயிரலாம்."

எர்மெக் அவருக்கு முன்னால் படியிறங்கினான்.

மறுநாள் மூன்றாம் மாடியின் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் சாயங்காலமானால் தானாக அணைந்துவிடும்படி செய்தான். அன்று மூன்றாம் மாடிக் கோடு படுத்துவிட்டது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் இரண்டாம் மாடிக் கோடு எழுந்து உட்கார்ந்தது. இரண்டையும் அணைத்தான். நாலாம் மாடி எழுந்தது.

"அது நடக்குது ஜைனா," என்றான் வீட்டில், சோற்றைக் கிளறியபடி. "மாடி மாடியா நடக்குது."

"மின்சாரமா?"

"மின்சாரம் நடக்குமா? அத எடுக்குறது எதுவோ அது நடக்குது."

"நீ மொதல்ல ஒழுங்காத் தூங்கு," என்றாள் ஜைனா.

தூக்கம் எங்கே வரும்? கண்ணை மூடினால் கோடு எழுந்து உட்கார்ந்தது. தான் சும்மா இல்லை என்று டைரக்டருக்குக் காட்டுவதற்காக, வரவேற்பறையில் பெரிய திரை ஒன்றை மாட்டினான். எந்த மாடி எவ்வளவு தின்கிறது என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கலாம். டைரக்டர் அதன் முன்னால் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். முகம் வெளுத்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எர்மெக்குக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கணக்குப் பிரிவின் தலைவி புருல்சா திரையைப் பார்த்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"நாலாவது மாடி என்னோடது. ராத்திரி கரண்டு ஓடுதுன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டுறியே, நான் என்ன இங்க வந்து ரொட்டி சுட்டு விக்கிறேனா?"

"ஒங்கள யாரும் சொல்லல எஜே," என்றான், அக்கா என்று கூப்பிடும் வழக்கில்.

"ரெண்டாவது மாடிக்காரனுங்க சொல்றானுங்க. காலையிலேருந்து என்னைப் பாத்து, ரொட்டி என்ன வெலைன்னு கேக்குறானுங்க."

மத்தியானத்துக்குள் இரண்டாம் மாடியும் நாலாம் மாடியும் பேச்சை நிறுத்திவிட்டன. ஒரே கேன்டீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் எர்மெக் அபாய மணியைக் கண்டுபிடித்தான். ஆளில்லாத நேரத்தில் எந்த மாடியிலாவது மின்சாரம் திடீரென்று ஏறினால் எல்லோருடைய போனும் ஒன்றாக அலறும். குற்றவாளியின் போனும் அலறும். அவன் பயந்து நிறுத்திவிடுவான். நல்ல யோசனைதான். மறுநாள் விடிவதற்கு முன்னால் நகரம் முழுக்க அத்தனை ஊழியர்களின் போன்களும் அலறின.

"எம் பேத்தி இப்பதான் தூங்குனா," என்று புருல்சா அலுவலகத்தின் போன் குழுவில் குரல் பதிவு போட்டாள். பின்னணியில் பேத்தி வீறிட்டழுது அவள் சொன்னதை உறுதிப்படுத்தினாள். இரண்டாம் மாடிக்காரன் ஒருவன், 'ரொட்டி வெந்துடுச்சா எஜே?' என்று எழுதினான். அதற்குப் பிறகு குழுவில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

எர்மெக் பனியில் சறுக்கி விழுந்து எழுந்து அலுவலகத்துக்கு ஓடினான். மணி காட்டிய நாலாம் மாடிக்கு ஏறினால், அங்கே டைரக்டர் நிற்கிறார். கோட்டு, டை, ஈரத்தலை.

"பைக்கே, நீங்களா?"

"மணி அடிச்சுது," என்றார் டைரக்டர். இடிக்குரல் எங்கோ உள்ளே போயிருந்தது. "மணி அடிச்சுது, வந்தேன். நீ எதுக்கு வந்த?"

"நானும் மணி அடிச்சுதுன்னுதான்."

டைரக்டர் வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து குளித்து, டை கட்டி, தனக்கு முன்னால் வந்து நிற்கிறார் என்றால் மனிதர் தன்னை எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்று எர்மெக்குக்குப் புரிந்துவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்தான்.

கடைசி அஸ்திரமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர் அறை ஒன்றை விட்டுவிட்டுக் கட்டடம் முழுவதையும் மெயினில் அணைத்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டிலிருந்தே போனில் பார்த்தான். எல்லாக் கோடுகளும் செத்துக்கிடந்தன. சந்தோஷத்தில் ஜைனாவை உட்காரவைத்துத் தானே நூடுல்ஸ் செய்து போட்டான்.

கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிடும் பம்ப்பும் அதே மெயினில்தான் இருக்கிறது என்பது திங்கள் காலையில்தான் தெரிந்தது. சுவர்களில் பனி பூத்திருந்தது. கணக்குப் பிரிவில் குழாய் வெடித்து, தரையில் குழந்தைகள் சறுக்கி விளையாடலாம் போல ஐஸ். புருல்சா கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, "கரண்டு மிச்சம்ல எர்மெக், கொண்டுபோயி உப்புப் போட்டு வச்சுக்க," என்றாள்.

எல்லோரும் வீட்டிலிருந்து ஹீட்டர்களை வரவழைத்தார்கள். மதியத்துக்குள் வரவேற்பறைத் திரையில் நான்கு கோடுகளும் மேலே போய் முட்டி, இடமில்லாமல் நின்றன. முதலாளிகளிடமிருந்து போன் வந்தது. அடுத்த நிமிஷம், "எர்மெக்க வரச் சொல்லு," என்று டைரக்டர் அறையிலிருந்து உத்தரவும் வந்தது.

எர்மெக் ஜைனாவுக்குப் போன் போட்டான். அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டான். எட்டாம் மாதத்தில் இருக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது?

டைரக்டர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. மேசையில் ரொட்டியும் ஆறிப்போன தேநீரும் இருந்தன.

"கதவச் சாத்து."

சாத்தினான்.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

எர்மெக் ரொட்டியின் மேல் கையை வைத்தான். "இந்த ரொட்டி மேல ஆணையா பைக்கே, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

டைரக்டர் அவனையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "சரி. அப்படியே இருக்கட்டும்."

அவர் நம்பவில்லை என்று எர்மெக்குக்குத் தோன்றியது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சர்வர் ரூம் சாவி. நீங்களே வச்சுக்கங்க. எப்ப வேணும்னாலும் உள்ள போங்க. நான் கேக்க மாட்டேன்."

"எனக்கா?"

"ஒங்களுக்குத்தான் பைக்கே."

டைரக்டர் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க கரண்டு நிக்காதுல்ல?"

"நிக்காது."

"சூடா இருக்குமா?"

கிரிப்டோ மெஷின்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எர்மெக்குக்கு வியர்த்தது. "சர்வர் ஓடுற சூடுதான் பைக்கே. வேற எந்த மெஷினும் அங்க இல்ல. என் பிள்ள மேல சத்தியம்."

டைரக்டர் மப்ளரின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறடி மனிதர் அழுவதைப் பார்த்து எர்மெக்குக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று.

"நீ மனுசன்டா," என்றார் அவர். "குழாய் வெடிச்சதுக்கு நான் பொறுப்பு. முதலாளிங்ககிட்ட சொல்லிட்டேன். இந்தக் கட்டடத்துக்கு இனிமே நீதான் துணை டைரக்டர். கீழ மாட்டியிருக்கியே அந்தத் திரை, அத மட்டும் இன்னைக்கே கழட்டிரு. புண்ணியமாப் போகும்."

எர்மெக் வெளியே வந்தான். வேலை போகவில்லை, உயர்ந்திருக்கிறது. ஏன் என்று தெரியாமல் உயர்ந்திருப்பது, போனதைவிடப் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சற்று நேரத்தில் ஷேர்கசி படியேறி வந்தார். தோளில் சுருட்டிய மெத்தை, விரலில் சர்வர் அறைச் சாவி. இப்போது இருமலும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை.

"தம்பி, அந்த ரூம்ல எந்த மூலை நல்லா சூடா இருக்கும்?"

"எதுக்கு பைக்கே? மெத்தை யாருக்கு?"

ஷேர்கசி மெத்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நாரின் ஊர்லேருந்து வந்து எறங்குன சொந்தக்காரங்கள வாயத் தெறந்து போங்கன்னு சொல்ல முடியுமா, அதான் வீட்ட அவங்களுக்கு விட்டுட்டு டைரக்டரு இங்க வந்து படுத்தாரு, அந்த மனுசன நீ மாடி மாடியா வெரட்டிட்டு, இப்ப மெத்தை யாருக்குன்னு கேக்குற."